பிளேன் வேண்டாம் என்றவளோடு ஏழு ராத்திரி

ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் என் மனைவிக்கு ஒரு பொருட்டில்லை. பஸ்ஸில் மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, இவள் முறுக்கு தின்றபடி வருவாள். அப்படிப்பட்டவள் சென்னையிலிருந்து லண்டன் போன பத்து மணி நேரத்துக்கு மேலான விமானப் பயணத்தில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏறும்போது காது அடைத்தது. இறங்கும்போது உள்ளே ஊசியால் குத்துவது போல் வலி. நடுவில் விமானம் குலுங்கிய கால் மணி நேரத்தில் ஜலகண்டேஸ்வரர் முதல் வள்ளிமலை முருகன் வரை எல்லாரையும் கூப்பிட்டாகிவிட்டது. ஹீத்ரோவில் இறங்கியதும் சொன்னாள்: “ஊருக்கு நடந்தாவது போறேன். இனிமே இதுல ஏற மாட்டேன்.”

ஆனால் நாங்கள் அதோடு ஊர் திரும்புகிறவர்கள் இல்லை. மாப்பிள்ளைக்கு இங்கிலாந்திலிருந்து நியூ ஜெர்சிக்கு மாற்றல். அவர் முன்னாடியே போய்விட்டார். வீட்டைக் காலி செய்து, ஆறு வயதுப் பேத்தியோடு மகளும் போக வேண்டும். கூடமாட உதவிக்கு நாங்கள். அப்படியே அமெரிக்காவில் சில மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். அதற்கு இன்னொரு விமானம் ஏறியாக வேண்டும். இவள் ஏற மாட்டேன் என்கிறாள். ஒரு வாரம் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. ஒரு நாள் ராத்திரி மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “கப்பல்ல போலாமாப்பா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் 28 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஷூ அப்பரும் ஃபினிஷ்டு லெதரும் கன்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகம் போய், ‘ஷிப்டு ஆன் போர்ட்’ என்று முத்திரை விழுந்த பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது, என் மேஜைக்கு வரும். அந்த மாதிரி எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேனோ! ஆனால் கப்பல் என்ற பொருளுக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை.

ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “எங்க மாமா ரஜூலால பினாங்கு போனாரு. இதுல இன்னாடா இருக்குது” என்றார். அம்மாவின் காலத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் ஒரே வட ஆற்காடு ஜில்லா. வெளிநாடு என்றால் கப்பல்தான். 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பெரும்பாலோர் தளத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள். அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தத் தடமே முடிந்துபோயிற்று. இப்போது தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் பயணிகள் கப்பல் என்றால் 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை போக்குவரத்துதான் நினைவுக்கு வருகிறது. அது சில மணி நேரப் பயணம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “விமானமே வேண்டாம், வேலூரிலிருந்து அமெரிக்காவுக்கு முழுக்கக் கப்பலில் போகிறேன்” என்று யாராவது கிளம்பினால் அது நடக்கிற காரியமில்லை. லண்டன் வரை பறந்துதான் ஆக வேண்டும். அட்லாண்டிக்கைத் தாண்டும் பகுதியை மட்டும் கப்பலுக்கு மாற்றலாம். அதற்கும் ஒழுங்கான கால அட்டவணையோடு ஓடும் லைனர் இன்று ஒன்றுதான் இருக்கிறது, குயின் மேரி 2. பிரான்சின் சான் நசேரில் கட்டி, 2004 ஜனவரியில் முதல் பயணம் போன கப்பல். நீளம் 345 மீட்டர். சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு வழக்கமாக ஏழு ராத்திரி.

வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் விசாரித்தேன். “அப்படியெல்லாம் கப்பல் இப்ப இல்லீங்க சார், அது அந்தக் காலம்” என்று முடித்துவிட்டார். மகளே இணையத்தில் போட்டாள். நான்கு பேருக்கு இரண்டு அறை. விமானச் சீட்டோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் ஆயிற்று. ஏழு நாள் படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் அதில் அடக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அது ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகப் போகிறவருக்குக் கிட்டத்தட்ட இருவர் பணம் ஆகிவிடும். தினசரி சேவைக் கட்டணம் சீட்டில் சேர்ந்ததா, கடைசி நாள் பில்லில் வருமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பலில் போனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மகளின் தோழி ஒருத்தி பாராட்டினாள். ஓட்டல், நீச்சல்குளம், நாடக அரங்கம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடலைக் கிழித்துப்போக எவ்வளவு எண்ணெய் எரிய வேண்டும்! தலைக்கு வகுத்துப் பார்த்தால் விமானத்தைவிடக் குறைவு என்று மார்தட்ட முடியாது. நாங்கள் போனது இவளுடைய காதுக்காகவும் பயத்துக்காகவும்தான்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். என் மானம் போன இடம் அதுதான். கப்பலில் போனாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். அதைச் சென்னை கான்சுலேட்டில் நேர்முகம் முடித்து முன்பே வாங்கியிருந்தோம். இங்கிலாந்துக்கு ஆறு மாத விசிட்டர் விசா. அந்த ஆறு மாதம் நாம் போய் இறங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. விசாவில் போட்ட தொடக்கத் தேதியிலிருந்து ஓடும். எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஜனவரியிலிருந்தே தேதி போட்டு வாங்கினேன். கிளம்பியது ஏப்ரலில், கப்பல் ஏறியது ஜூனில். திரும்புவதற்குச் செப்டம்பரில் அதே கப்பலில் சீட்டும் போட்டு முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஜூலையோடு இங்கிலாந்து விசா முடிகிறது. சௌதாம்ப்டனில் இறங்கவே முடியாது. ஏற்றுமதிப் பணத்துக்கு பேங்க் உத்தரவாதம் தரும் எல்.சி. பத்திரத்தில் ஒரு தேதி தவறினாலே ஜூனியர் பையன்களைக் காய்ச்சி எடுத்தவன், என் பாஸ்போர்ட்டில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். முன்பணம் போயிற்று. கப்பலிலேயே திரும்பி வர உத்தேசம் இருந்தால் இரண்டு வருட விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத் தேதியையாவது யோசித்துப் போடுங்கள்.

திரும்பும் வழி விமானம்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவளிடம் சொல்லவில்லை.

பெட்டிகள் விஷயத்தில் கப்பல் ராஜா. விமானத்தில் 23 கிலோவுக்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் நடுவழியில் பெட்டியைத் திறந்து புடவையை உருவ வேண்டும். இங்கே எங்கள் பதினோரு பெட்டிகளை யாரும் எடை போடவில்லை. துறைமுக வாசலில் அறை எண் சீட்டைக் கட்டி ஒப்படைத்தோம். சாயங்காலம் அறை வாசலில் வந்து நின்றன. படுக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். வீடு மாறுகிறவர்களுக்கு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் இரண்டு பொருளில் மாட்டிக்கொண்டோம். ஒன்று, இவள் ஆசையாக எடுத்துவந்த குட்டி ரைஸ் குக்கர். தீ விபத்து பயத்தால் சூடாக்கும் சாதனங்களை அறையில் வைத்துக்கொள்ள விடுவதில்லை. ஸ்கேனரில் பார்த்ததும் ஒரு ரசீது கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் திருப்பித் தந்தார்கள். விதிமுறைத் தாளில் எழுதியே இருந்தது. படிக்காதது எங்கள் தப்பு. இரண்டாவது, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விதை. நியூ ஜெர்சி வீட்டுத் தோட்டத்தில் போடலாம் என்று ஊரிலிருந்து பொட்டலம் கட்டி வந்திருந்தாள். உரிய தாவரச் சான்றிதழ் இல்லாமல் அமெரிக்காவுக்குள் விதை கொண்டுபோக முடியாது. கிளம்புவதற்கு முன்பே மகள் படித்துச் சொன்னதால் இங்கிலாந்தில் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். காய்த்ததா என்று இன்றைக்கும் விசாரிக்கிறாள்.

வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சௌதாம்ப்டன் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. 1912இல் டைட்டானிக் கிளம்பியதும் அந்த ஊரிலிருந்துதான். இதை இவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். பேத்தி பள்ளியில் படித்திருந்ததால் பிளாட்பாரத்திலேயே ஒப்பித்துவிட்டாள். கப்பல் கிளம்புவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டாயம் போயாக வேண்டும். இவள் அதை மட்டும் பரீட்சைக்குப் படிப்பது போல் கவனித்தாள்.

எங்கள் இரண்டு அறைக்கும் ஜன்னல் இல்லை; விலை குறைவு என்பதால் எடுத்தது. விளக்கை அணைத்தால் விடிந்ததா, நடுராத்திரியா என்று தெரியாது. முதல் நாள் காலை ஏழு மணி என்று எழுந்து பல் தேய்த்துவிட்டேன், மணி மூன்று. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமராக் காட்சி ஒரு சேனலில் ஓடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டால் அதுதான் ஜன்னல். இருட்டாக இருந்தால் ராத்திரி, வெளுத்தால் விடியல்.

அறையின் இடம்தான் முக்கியம். மகளுடைய அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். எங்களுடையது முன்பக்கம். நடுவே இருந்தால் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்திருப்பது போல, ஆட்டமெல்லாம் ஓரத்துக்குத்தான். மூன்றாம் நாள் ராத்திரி காற்று பிடித்துக்கொண்டது. குளியலறைக் கதவு தானாகத் திறந்து மூடியது, ஹேங்கர்கள் அலமாரிக்குள் தாளம் போட்டன. லைனர் என்பதால் இவ்வளவோடு போயிற்று என்றார் எங்களுக்குப் பரிமாறிய கோவாக்காரர். சுற்றுலாவுக்கான குரூஸ் கப்பலைப் போலில்லாமல் இதன் முன்மூக்கு நீளம், அடிப்பகுதி பத்து மீட்டர் ஆழம், இரும்புத் தகடும் தடிமன். அட்லாண்டிக்கின் அலையை வெட்டிக்கொண்டு குறித்த நாளில் போய்ச் சேரவென்றே கட்டியது.

அந்த ராத்திரி நான்தான் சுருண்டேன். ஏலகிரியில் முறுக்கு தின்றவள் என்னமோ நன்றாகத்தான் இருந்தாள். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, வருவதற்கு முன் போட வேண்டும். எது, எவ்வளவு என்று பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. இவள் வேலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இஞ்சி மரப்பாவை எடுத்து நீட்டினாள். கப்பல்காரர்களும் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும்தான் சொல்கிறார்கள்! என்னை மகளுடைய அறைக்கு மாற்றிப் படுக்க வைத்தார்கள். காலையில் சரியாயிற்று. கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் காசு கட்ட வேண்டும். நம் ஊரில் எடுக்கும் வெளிநாட்டுப் பயண இன்ஷூரன்ஸில் கப்பல் பயணமும், நடுக்கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று பாலிசியைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது பனிமூட்டம். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே வெயில் காலத் தொடக்கத்தில் குளிர்ந்த நீரோட்டமும் வெதுவெதுப்பான நீரோட்டமும் சந்திப்பதால் கடல் மேல் மூட்டம் போட்டுவிடும். அப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது நீளமாக ஊத வேண்டும் என்பது கடல் விதி. இந்தக் கப்பலில் இருக்கும் ஊதுகுழல்களில் ஒன்று 1930களின் பழைய குயின் மேரி கப்பலில் இருந்தது. வயிற்றுக்குள் அதிரும். “யாருங்க அது, விடிய விடிய சங்கு ஊதறது?” என்று இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சங்கு என்ற வார்த்தையை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

மற்ற நாட்களில் என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தினம் பகல் பன்னிரண்டுக்கு கேப்டன் ஒலிபெருக்கியில் எங்கே இருக்கிறோம், அடியில் எவ்வளவு ஆழம், நாளை வானிலை என்ன என்று சொல்வார். ஏழாம் தளத்தில் கப்பலை முழுசாகச் சுற்றி நடக்கலாம். கோட்டை அகழியைச் சுற்றி நடக்கும் பழக்கம் இருந்ததால் எங்களுக்கு அதுவே போதும். பேத்திக்கு நாய்கள்தான் உலகம். நாய், பூனைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக மேல்தளத்தில் 24 கூண்டுகள் இருக்கின்றன. நாய்கள் கால் தூக்குவதற்கு ஒரு ஆங்கிலேயத் தெருவிளக்குக் கம்பமும் ஒரு அமெரிக்கத் தீயணைப்புக் குழாயும் நட்டு வைத்திருக்கிறார்கள். அவரவர் தேசத்துப் பழக்கம் கெடக்கூடாது பாருங்கள்.

சாப்பாடு பிரச்சினையில்லை. சைவம் என்று சீட்டு போடும்போதே எழுதிவிட வேண்டும். ஏறிய பிறகு சொன்னால் காய்கறி அவித்ததைத்தான் மூன்று நாள் தின்ன வேண்டியிருக்கும். வெறும் சாதமும் சாதா தயிரும் கேட்டால் கிடைத்தது. பருப்புப் பொடி எங்களிடம் இருந்தது. சில ராத்திரிகளில் கோட்டும் டையும் போட்டுத்தான் டின்னருக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. அவரவர் நாட்டு விசேஷ உடையும் செல்லும் என்று விதியிலேயே உண்டு. நான் பட்டு வேட்டி சட்டை, இவள் ஆரணிப் பட்டு. ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஆடும் தரையில் தள்ளாடிய பெண்களுக்கு நடுவே இவள் தட்டையான செருப்பில் விறுவிறு என்று நடந்துபோனாள்.

போனை மறக்காமல் ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் எங்கேயோ போய்விடும். “பிளேன் வேணாம்னுதானே இதுல ஏறினோம், இங்கயும் ஃபிளைட் மோடா?” என்றாள் இவள். வைஃபை தனியாக வாங்கி, தினமும் அம்மாவைக் கூப்பிட்டோம். ஊரில் விளக்கு வைக்கிற ஏழு மணிக்குக் கூப்பிடுவது கணக்கு. முதல் நாள் அது எங்களுக்கு மதியம் இரண்டரை. ஆனால் மேற்கே போகப் போக ஏழு ராத்திரியில் ஐந்து ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைக்கச் சொல்வார்கள். ஒன்றரை, பன்னிரண்டரை என்று நகர்ந்து, கடைசியில் காலைப் பலகாரம் முடிந்த ஒன்பதரைக்கே ஊரில் விளக்கு வைத்தாயிற்று. அம்மா தினம் ஒரே கேள்விதான் கேட்பார்: “இன்னாடா, தரை தெரியுதா?”

இந்தக் கடிகார விஷயம்தான் கப்பலில் எனக்கு ஆகப் பிடித்தது. நாளுக்கு 25 மணி நேரம். விமானத்தில் போனவர்கள் அமெரிக்காவில் நாலைந்து நாள் நடுராத்திரியில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கேட்டிருக்கிறேன். இங்கே உடம்புக்குத் தெரியாமலேயே நேரம் மாறிவிட்டது. இவள் தன் பழைய டைட்டான் வாட்ச்சை ராத்திரி படுக்கும்போது பயபக்தியோடு ஒரு சுற்று பின்னால் திருப்புவாள். திரும்பி வரும் கிழக்குப் பயணத்தில் கதை தலைகீழ். ஒரு மணி நேரம் பறிபோகும்.

கடைசி ராத்திரி பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அவர்கள் எடுத்துப்போய்க் கரையில் சேர்ப்பார்கள். மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் போடும் துணி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தாளும் வந்தது. மாத்திரையையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டேன். பேன்ட் எல்லாம் போய்விட்டது. டின்னருக்குக் கட்டியிருந்த பட்டு வேட்டிதான் மிச்சம்.

அந்த வேட்டியோடுதான் விடியற்காலை குளிரில் மேல்தளத்தில் நின்று, நியூயார்க் துறைமுகத்தின் நுழைவாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்தைப் பார்த்தேன். புகைபோக்கி பாலத்தில் இடித்தேவிடும் என்று எல்லாரும் தலையைக் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். சில மீட்டர் இடைவெளியில் நுழைந்துவிட்டது. அப்புறம் சுதந்திரதேவி சிலை, விளக்குகள். புரூக்ளினில் ரெட் ஹூக் துறைமுகத்தில் இமிக்ரேஷன். அதிகாரி என் வேட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எத்தனை நாள், யார் வீடு, திரும்பும் சீட்டு எங்கே என்று கேட்டார். நான் விமானச் சீட்டை எடுத்து நீட்டினேன். பக்கத்தில் நின்ற இவள் அதை எட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

செப்டம்பரில் கிளம்புவதற்கு முன் வேலூரில் ஒரு காது டாக்டரிடம் வீடியோவில் பேச வைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “லண்டன் போறப்ப ஜலதோஷம் இருந்துச்சாம்மா?” இருந்தது. மூக்கடைப்போடு ஏறினால் காதுக்கும் மூக்குக்கும் இடையிலிருக்கும் குழாய் அடைத்துக்கொண்டு, விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் சமமாகாமல் வலிக்கும் என்றார். சளி இல்லாத நாளில் போங்கள், இறங்கும்போது தூங்காமல் எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, மூக்குக்கு ஒரு ஸ்ப்ரேயும் எழுதிக்கொடுத்தார். இதை ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் கப்பலே வேண்டியிருக்காது. கேட்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

விமானத்தில் ஜன்னலோரம் அவளே கேட்டு உட்கார்ந்தாள். முன்னால் திரையில் வரைபடம். அட்லாண்டிக் மேல் குட்டி விமானம் நகர்ந்தது. “நாம ஏழு நாள் வந்தது இதுக்குள்ளயா முடிஞ்சிடுச்சு?” என்றாள். இறங்கும்போது இஞ்சி மரப்பாவை மென்றாள், காது வலிக்கவில்லை. வாட்ச்சை இந்திய நேரத்துக்கு மாற்றிவிடு என்றேன். “ஒரேயடியா ஒம்பதரை மணி நேரம் திருப்பினா உடம்பு தாங்காது” என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தோன்றும்போது ஒவ்வொரு மணியாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். சென்னையில் இறங்கியபோது அது இன்னும் மூன்றரை மணி பின்தங்கி இருந்தது. காரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மணி, காவேரிப்பாக்கத்தில் ஒரு மணி, வாலாஜா டோல்கேட்டில் ஒரு மணி. மிச்ச அரை மணியைச் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு திரும்பும்போது திருப்பினாள்.